செல்லின் கதவை வைரஸ் திறக்கிறது என்றால், பரிணாமம் ஏன் அதை அடைத்துவிடவில்லை?

#1 கேள்விக்குறி

வணக்கம். உயிரியல் என் பாடம் இல்லை, ஆர்வத்தில் படிக்கிறேன். தப்பிருந்தால் திட்டாமல் திருத்துங்கள்.

எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரே படம்தான்: செல்லின் மேல் ஒரு பூட்டு (ஏற்பி என்கிறார்கள், வைரஸ் ஒட்டுகிற புரதம்), வைரஸின் கையில் ஒரு சாவி. எச்ஐவிக்கு சிடி4, கொரோனாவுக்கு ஏசிஈ2, போலியோவுக்கு சிடி155. சரி. அந்தப் பூட்டை அங்கே மாட்டி வைத்தது யார்? வைரஸ்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருக்கின்றன. தொற்றிச் செத்த விலங்குகள் வாரிசில்லாமல் போயிருக்கும், ஏற்பி இல்லாதவை பிழைத்துப் பெருகியிருக்கும். இப்படியே போனால் வைரஸ் ஒட்டுகிற ஏற்பி எந்த உயிரிடமும் இன்றைக்கு மிஞ்சியிருக்கக் கூடாதே? அதை விட்டுவிட்டு நோயெதிர்ப்பு என்று ஒரு பெரும் படையையே கட்டி வைத்திருக்கிறோம். கதவை அடைப்பது சுலபமா, படை வைத்துச் சோறு போடுவது சுலபமா?

#2 அரைவட்டம்

அந்தப் பூட்டு–சாவிப் படம்தான் வில்லன். வைரஸுக்காக மாட்டிய பூட்டு இல்லை அது. செல் தன் பிழைப்புக்காக வெளியே நீட்டி வைத்திருக்கும் கை.

ஏசிஈ2, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சினை வெட்டித் தணிக்கும் நொதி. டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி செல்லுக்குள் இரும்பைக் கொண்டுவருவது. எபோலா பற்றிக்கொள்ளும் என்பிசி1, செல்லுக்குள்ளே கொலஸ்டிராலை இடம் மாற்றுவது. பிறவியிலேயே என்பிசி1 கெட்டுப்போனவர்களுக்கு நீமன்-பிக் என்ற கொடிய நோய் வருகிறது, மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். அவர்களிடமிருந்து எடுத்து வளர்த்த செல்களில் எபோலா நுழைய முடியவில்லை என்று 2011இல் காட்டினார்கள். எபோலாவிலிருந்து முழுப் பாதுகாப்பு, பதிலுக்கு மூளை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

#3 மணல்கடிகாரம்

கொளுத்தாமலே ஒரு கதவை அடைத்தவர்களும் இருக்கிறார்கள். எச்ஐவி உள்ளே போக சிடி4 மட்டும் போதாது, பக்கத்தில் சிசிஆர்5 என்ற இன்னொன்றும் வேண்டும். அந்த மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் உண்டு. அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் அது வந்துவிட்டால் செல்லின் மேல் சிசிஆர்5 முளைப்பதே இல்லை, எச்ஐவியின் பெரும்பாலான வகைகள் வெளியிலேயே நின்றுவிடும். 1996இல் கண்டுபிடித்தார்கள். வட ஐரோப்பியர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவர் இப்படி. 2007இல் பெர்லினில் டிமொதி ரே பிரவுன் என்பவருக்கு ரத்தப் புற்றுநோய்க்காக இப்படிப்பட்ட ஒருவரின் குருத்துச் செல்களைச் செலுத்தினார்கள். எச்ஐவியும் போயிற்று.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எச்ஐவி மனிதர்களிடம் வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கொஞ்சம்தான் ஆகிறது, இந்த 32 எழுத்து விடுபாடு அதைவிட ரொம்பப் பழசு. ஆக எச்ஐவிக்காக வந்ததில்லை. எதற்காகப் பெருகியது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இன்னொன்று, சிசிஆர்5 இல்லாதவர்களை வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் நோய் வெளிப்படும் வாய்ப்பு கூடுதல். அந்தக் கை ஏதோ வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

#4 எதிர்க்கட்சி

அப்போ கையை வெட்டவும் முடியாது, நீட்டாம இருக்கவும் முடியாது. ரொம்ப நல்லா இருக்கு உங்க பரிணாமம் 🙂

#5 தும்பி

வெட்ட வேண்டாமே, விரலை மட்டும் கொஞ்சம் மடக்கலாம். அதைத்தான் செய்திருக்கிறது.

அரைவட்டம் சொன்ன டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்பைச் சுமந்து வரும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதன் ஒரு பக்கத்தில் ஒட்டுகிறது. வைரஸ்கள் ஒட்டுவது உச்சியில், அதைத் தலைப்பகுதி என்று வைத்துக்கொள்வோம். எலி, அணில் போன்ற கொறிவிலங்குகளின் ஏற்பிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், இரும்பு ஒட்டும் பக்கத்தில் அனேகமாகக் கைவைக்கவே இல்லை. தலைப்பகுதியில் அரினாவைரஸ்கள் (கொறிவிலங்குகளைத் தொற்றும் ஒரு வைரஸ் குடும்பம்) ஒட்டும் அதே இடங்களில்தான் அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப மாறியிருக்கின்றன. ஒரே புரதம்தான், ஒரு பக்கம் கல்வெட்டு, இன்னொரு பக்கம் மணலில் எழுதினது. இரும்பு வேலை கெடாத இடத்தில் மட்டும் வைரஸுக்குப் பிடி வழுக்கும்படி செய்திருக்கிறது இயற்கைத் தேர்வு.

நாய்களின் கதை இன்னும் சுவாரசியம். பூனைகளுக்கு வரும் பார்வோவைரஸும் இதே ஏற்பியில்தான் ஒட்டும். நாயின் ஏற்பியில் தலைப்பகுதியில் கூடுதலாக ஒரு சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது, பூனை வைரஸால் அதை மீறி ஒட்ட முடியாது. அவ்வளவு காலம் அந்தச் சர்க்கரை காவல் காத்தது. பிறகு அந்த வைரஸின் உறையில் ஒரு சில மாற்றங்கள், சர்க்கரையைச் சுற்றிக்கொண்டு ஒட்டிவிட்டது. 1978இல் நாய்களிடம் புது நோயாகத் தலைகாட்டி, கொஞ்ச காலத்திலேயே உலகம் முழுக்கப் பரவியது. இன்று நாய்க்குட்டிகளுக்குப் போடும் பார்வோ ஊசி அந்த வைரஸுக்கு எதிராகத்தான்.

#6 எதிர்க்கட்சி

எல்லாம் சரிங்க. நான் ஒரு ஆட்சேபம் வைக்கிறேன். நீங்க மூணு பேரும் பேசுறது *ஏற்பி* எப்படி மாறிச்சுன்னு. கேள்வி நோயெதிர்ப்பு பத்தி. கைப்பிடியை வழவழன்னு ஆக்குறது ஒண்ணு, காவல்காரனை உருவாக்குறது வேற. வைரஸ் ஒரு ஏற்பியில ஒட்டினதால, *அதனாலயே*, காவல்காரன் உருவானான்னு காட்ட முடியுமா? வைரஸ் இருந்தது, நோயெதிர்ப்பும் வளர்ந்ததுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா அது காரணம் ஆகிடாது.

#7 மணல்கடிகாரம்

நியாயமான ஆட்சேபம். எனக்குத் தெரிந்து இதற்கு இருப்பதிலேயே கச்சிதமான பதில் எலிகளிடம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இயற்கைக் கொல்லி செல் என்று ஒரு வகை வெள்ளையணு உண்டு. அது செல் செல்லாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போகும். நம் செல்கள் அனேகமாக எல்லாவற்றின் மேலும் எம்எச்சி என்ற புரதம் இருக்கும், அடையாள அட்டை மாதிரி. கொல்லி செல்லின் ஏற்பி அந்த அட்டையைத் தொட்டதும் உள்ளே "அடங்கு" என்று கட்டளை போகும். நம்ம ஆள், விட்டுவிடு. அட்டை இல்லாத செல் சிக்கினால் அதன் கதி அதோகதி.

எலியைத் தாக்கும் சைட்டோமெகாலோவைரஸ் இங்கே இரண்டுபக்க இடியில் மாட்டிக்கொள்கிறது. டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் எம்எச்சியைப் பார்த்துத்தான் தொற்றைக் கண்டுபிடிக்கும் என்பதால் எம்எச்சியை அது மேற்பரப்பிலிருந்து இறக்கிவிடுகிறது. இறக்கினால் கொல்லி செல்லுக்குச் சந்தேகம் வரும். ஆகவே ஒரு போலி அட்டையைச் செய்து மேலே ஏற்றுகிறது. அதன் பெயர் எம்157. எம்எச்சி போலவே மடிந்த புரதம். அது கொல்லி செல்லின் மேல் இருக்கும் லை49ஐ என்ற அடக்கும் ஏற்பியில் ஒட்டுகிறது, கொல்லி செல் அடங்கிவிடுகிறது. 129 என்ற ஆய்வக எலி இனத்தில் நடப்பது இது. அந்த எலிகள் இந்த வைரஸிடம் எளிதில் தோற்கும்.

இப்போது சி57 பிளாக் 6 என்ற இன்னொரு இனம். இதே வைரஸை இது நன்றாகத் தாங்கும். காரணம் என்னவென்று பல ஆண்டுகள் மரபணுவைத் துருவி, 2002இல் பிடித்தார்கள். இந்த இனத்தில் லை49எச் என்று ஒரு ஏற்பி. வெளியே நீட்டியிருக்கும் பகுதி லை49ஐயோடு நெருங்கிய ஒப்புமை உள்ளது, எம்157 ஏமாந்து இதிலும் ஒட்டும். உள்ளே தொங்கும் வால்தான் வேறு. அடக்கும் கட்டளைக்கான துண்டு அதில் இல்லை. பதிலுக்கு டாப்12 என்ற பக்கத்துப் புரதத்தோடு கைகோத்து "கொல்" என்று கட்டளை போகிறது.

அதாவது, வைரஸ் நீட்டிய போலி அட்டையே அதைக் காட்டிக்கொடுக்கும் அட்டை ஆகிவிட்டது. முகம் ஒன்று, மனம் வேறு என்ற இரட்டையர். இப்படி அடக்குவதும் தூண்டுவதுமாக ஜோடி ஜோடியாய் இருக்கும் ஏற்பிகள் நோயெதிர்ப்பு மண்டலத்தில் நிறைய. மனிதர்களிடம் கேஐஆர் குடும்பம் முழுக்க இப்படித்தான், ஆளுக்கு ஆள் அதன் எண்ணிக்கைகூட வேறுபடும்.

#8 எதிர்க்கட்சி

கதை பிரமாதம். ஆனா கதைதானே? இரட்டையன் வைரஸுக்காகத்தான் வந்தான்னு எப்படிச் சொல்றது? தற்செயலா இருந்திருக்கலாம், தற்செயலா எம்157 ஒட்டியிருக்கலாம்.

#9 மணல்கடிகாரம்

முதல் ஜோடி தற்செயலாகத்தான் வந்திருக்கும். மரபணு இரட்டிப்பதும் துண்டு மாறி ஒட்டுவதும் அன்றாடம் நடக்கிற விபத்து. அந்த விபத்தை யார் காப்பாற்றி வைத்தது என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டு சாட்சி சொல்கிறேன்.

ஒன்று, வைரஸின் பக்கத்திலிருந்து. லை49எச் உள்ள எலிகளின் வழியாகவே வைரஸை மாற்றி மாற்றிச் செலுத்தினால் எம்157 கெட்டுப்போன வைரஸ்கள் தலைதூக்குகின்றன. காட்டு எலிகளிடம் எடுத்த வைரஸ்களிலும் லை49எச்சில் ஒட்டாத எம்157 வகைகள் பல உண்டு. அந்த ஏற்பி வைரஸின் கழுத்தைப் பிடித்திருக்காவிட்டால் இப்படித் திமிறியிருக்காது.

இரண்டு, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. எலியின் லை49 குடும்பமும் மனிதனின் கேஐஆர் குடும்பமும் ஒரே வேலையைத்தான் பார்க்கின்றன. ஆனால் அவை உறவே இல்லை. லை49, சர்க்கரையில் ஒட்டும் புரதங்களான லெக்டின்களின் வகை; கேஐஆர், கிருமியைப் பிடிக்கும் புரதங்களான எதிர்ப்பான்களின் வகையறா. இரண்டு வெவ்வேறு மூலப்பொருளை வைத்து, தனித்தனியே, அதே அடக்கு–தூண்டு ஜோடி அமைப்புக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு தடவை என்றால் தற்செயல். இரண்டு தடவை என்றால் பின்னால் ஏதோ ஒன்று தள்ளியிருக்கிறது.

தூண்டும் ஏற்பிகள் பரிணாமத்தில் ரொம்ப நாள் நிலைப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரும், போகும். அடக்கும் ஏற்பிதான் நிரந்தரக் குடி.

#10 பழைய_குடுவை

நல்ல இழை. ஏற்பியில் வைரஸ் ஒட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? நுண்ணோக்கியே வேண்டாம். படிக்கும் காலத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், என் அசட்டுத்தனத்தையும் சேர்த்து.

கோழியின் சிவப்பணுக்களை நீர்த்த கரைசலாக்கி, குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் விட வேண்டும். வைரஸ் இல்லாத குழியில் சிவப்பணுக்கள் அரை மணி நேரத்தில் வழுக்கிக்கொண்டு அடியில் சேர்ந்து, சின்னச் சிவப்புப் பொட்டாக உட்கார்ந்துவிடும். தட்டைச் சாய்த்தால் அந்தப் பொட்டு கண்ணீர்த் துளி மாதிரி ஒழுகும். இன்ஃப்ளூயென்சா இருக்கும் குழியில் பொட்டு வராது. ஒரு வைரஸ் இரண்டு, மூன்று அணுக்களை இழுத்துப் பிடிக்க, எல்லாம் வலையாகப் பின்னிக் குழி முழுக்க மங்கலான சிவப்புப் பாயாக நின்றுவிடும். 1941இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கோழிக் கருவை வைத்து வேலை செய்யும்போது கவனித்தது இதைத்தான்.

நான் தட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். ரொம்ப நேரம் கழித்து வந்து பார்த்தால் எல்லாக் குழியிலும் அழகான பொட்டு. "வைரஸ் இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வழிகாட்டி பார்த்துச் சிரித்துவிட்டு, "ஒட்டினது பிறகு கழன்று போயிருக்குமே, அதை யோசித்தாயா?" என்றார். இன்ஃப்ளூயென்சாவுக்குக் கையில் கத்தியும் உண்டு: நியூராமினிடேஸ். அது ஒட்டுவது சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையில், கத்தி வெட்டுவதும் அதே சர்க்கரையைத்தான். அறையின் வெப்பத்தில் மெல்ல மெல்ல வெட்டித் தன்னை விடுவித்துக்கொண்டுவிட்டது.

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. ஒட்டிய பிறகு கழலவும் வைரஸ் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? தப்பான இடத்தில் ஒட்டிக்கொண்டால் அதற்கு முடிவு அதுவே. நம் மூச்சுக்குழாயின் சளி முழுக்க சியாலிக் அமிலம் தொங்கும் புரதங்கள். வைரஸ் செல்லைத் தேடி வந்து சளியில் ஒட்டிக்கொள்கிறது, சளி மேலே தள்ளப்பட்டு வெளியேறுகிறது. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் கருவே கிடையாது, அதில் நுழைந்தால் வைரஸுக்குப் பெருக வழி இல்லை. சிவப்பணுவும் ஒருவகைப் பொறிதான் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கை. சளி விஷயத்தில் முழு நம்பிக்கை. கேள்விக்குறி அவர்களே, கதவை அடைக்கவில்லை, வழியெல்லாம் போலிக் கதவை நிறுத்தி வைத்திருக்கிறது.

#11 தும்பி

போலி என்றதும் ஞாபகம் வருகிறது. முள்ளை முள்ளால் எடுத்த கதை ஒன்று. கலிஃபோர்னியாவில் லேக் காசிட்டாஸ் பக்கத்துக் காட்டு எலிகளில் சில, லுக்கேமியா வைரஸைத் தாங்கி நின்றன. துருவிப் பார்த்தால் அந்த எலிகளின் மரபணுத் தொகுதியில் எப்போதோ புகுந்து செத்துப்போன ஒரு ரெட்ரோவைரஸின் (தன் மரபணுவை செல்லின் மரபணுவுக்குள் செருகிவிடும் வகை) மிச்சம், எஃப்வி4 என்ற மரபணு. முழு வைரஸ் இல்லை, உறைப்புரதம் மட்டும் செய்யும். அந்த உறைப்புரதம் எலியின் சொந்த ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. புதிதாக வரும் வைரஸுக்கு இடம் காலி இல்லை.

மனிதர்களிடமும் உண்டு. சப்ரெசின் என்று பழைய ரெட்ரோவைரஸ் மிச்சத்திலிருந்து வரும் புரதம், ஏஎஸ்சிடி2 என்ற ஏற்பியை அடைத்துக்கொண்டு ஒரு வகை ரெட்ரோவைரஸ்களைத் தடுக்கிறது என்று 2022இல் காட்டினார்கள். அது நஞ்சுக்கொடியிலும் ஆரம்பக் கருவிலும் வேலை செய்கிறது.

#12 அரைவட்டம்

பாக்டீரியாவை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜ் லாம்டா, ஈ. கோலையின் மேல் மால்டோஸ் சர்க்கரை நுழையும் லாம்பி என்ற துளையில் ஒட்டும். 2012இல் வந்த ஒரு சோதனையில் பாக்டீரியா லாம்பியைக் குறைத்துக்கொண்டது, ஃபேஜ் நான்கு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டு ஓம்ப்எஃப் என்ற வேறு துளைக்கு மாறிவிட்டது. அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் இல்லை: பக்கத்து ஜன்னல்.

#13 எதிர்க்கட்சி

"மாறிவிட்டது", "போலி அட்டை செய்கிறது", "ஏமாந்து ஒட்டும்"... வைரஸுக்கு மூளை இருக்கிற மாதிரியே எல்லாரும் எழுதுறீங்க.

#14 மணல்கடிகாரம்

ஒப்புக்கொள்கிறேன், சோம்பேறித்தனம்தான். ஒவ்வொரு முறையும் "தற்செயலாய் அப்படி இருந்தவை அதிகம் பெருகின" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

#15 பழைய_குடுவை

எதிர்ப்பான்கள் பற்றி ஒரு வார்த்தை. எதிர்ப்பான் வைரஸை முடக்கும் சிறந்த வழிகளில் ஒன்று, ஏற்பியில் ஒட்டும் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்வது. ஆகவே வைரஸுக்கு ஒரு தர்மசங்கடம்: அந்த இடத்தை மாற்றினால் ஏற்பியில் ஒட்டாது, மாற்றாவிட்டால் எதிர்ப்பான் பிடிக்கும். 1985இல் மைக்கேல் ராஸ்மன் குழு சளிக்காய்ச்சல் தரும் ரைனோவைரஸின் அணு அளவிலான வடிவத்தை வெளியிட்டபோது, உறையைச் சுற்றி ஆழமான பள்ளத்தாக்கு தெரிந்தது. ஏற்பி ஒட்டுவது அந்தப் பள்ளத்தின் அடியில். ஒல்லியான ஏற்பி உள்ளே போகும், தடித்த எதிர்ப்பான் போகாது, ஆகவே பள்ளத்தின் விளிம்பு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது, அடி மாறாமல் பத்திரமாக இருக்கிறது என்றார்.

#16 தும்பி

ஒரு திருத்தம். எதிர்ப்பான் பள்ளத்துக்குள் இறங்கியிருப்பதைப் பிறகு நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள், 1996இல். அந்தக் கருத்து முழுக்கப் பொய்யில்லை, ஆனால் முதலில் சொன்ன அளவுக்குக் கறாராகவும் இல்லை.

#17 எதிர்க்கட்சி

சரி, கடைசியா ஒண்ணு. இதெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமா பொறுக்கி எடுத்த உதாரணம். மொத்தமா எவ்வளவு?

#18 மணல்கடிகாரம்

டேவிட் எனார்ட், டிமிட்ரி பெட்ரோவ் குழு 2016இல் கணக்குப் போட்டது. 24 பாலூட்டிகளை ஒப்பிட்டு, வைரஸ்களோடு தொடர்புகொள்ளும் சுமார் 1,300 புரதங்களை எடுத்துப் பார்த்தார்கள். பாலூட்டிகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் புரதங்களில் தகவமைப்பாக நடந்த அமினோ அமில மாற்றங்களில் சுமார் 30 விழுக்காடு வைரஸ்களின் நெருக்கடியால் என்பது அவர்கள் முடிவு. ஆனால் உங்கள் கட்சிக்கும் ஒரு வாக்கு: அந்த 1,300இல் பெரும்பாலானவை ஏற்பிகளே இல்லை, செல்லுக்குள் இருப்பவை. ஏற்பி என்பது சண்டையின் முதல் அடி, முழுச் சண்டை இல்லை.

#19 கேள்விக்குறி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. எச்ஐவி பிடிப்பது சிடி4, அது டி செல்லின் சொந்த ஏற்பி. தட்டம்மை பிடிப்பது ஸ்லாம், அதுவும் வெள்ளையணுக்களின் மேல்தான். எப்ஸ்டீன்-பார் வைரஸ் பிடிப்பது எதிர்ப்பான் செய்யும் பி செல்லின் சிடி21. வேலியே பயிரை மேய்கிற மாதிரி, காவல்காரனின் கையையே ஏன் பிடிக்க வேண்டும்? போலியோவின் சிடி155 மட்டும் சாதாரண செல் ஒட்டுப் புரதம், அதுதான் இந்தப் பட்டியலில் சேரவில்லை.

#20 தும்பி

அதுவும் சேரும்! சிடி155ஐ இயற்கைக் கொல்லி செல் தேடிப் பார்க்கிறது. அதன் மேல் டிஎன்ஏஎம்-1 என்ற ஏற்பி சிடி155ஐத் தொட்டால் தூண்டும், டிஜிட் என்ற ஏற்பி அதே சிடி155ஐத் தொட்டால் அடக்கும். மணல்கடிகாரம் சொன்ன இழுபறி இங்கேயும் இருக்கிறது. மனித சைட்டோமெகாலோவைரஸ் என்ன செய்கிறது தெரியுமா? யுஎல்141 என்ற புரதத்தை வைத்து சிடி155ஐ மேற்பரப்புக்கு வரவிடாமல் செல்லுக்குள்ளேயே தடுத்து வைத்துக்கொள்கிறது, கொல்லி செல் கண்ணில் படக் கூடாது என்று. போலியோவுக்கு அது வெளியே இருந்தால்தான் பிழைப்பு, இதற்கு அது வெளியே வந்தால் சாவு.

காவல்காரனின் கையை ஏன் பிடிக்கிறது என்றால், ஊர் முழுக்கச் சுற்றுகிற கை அதுதான். சிடி4 அந்த வேலையை விடவும் முடியாது, எம்எச்சியைத் தொட்டாக வேண்டும். ஆனாலும் சிம்பன்ஸிகளில் சிடி4 பல வடிவங்களில் இருக்கிறது, சில வடிவங்கள் குரங்கு எச்ஐவியான எஸ்ஐவி ஒட்டும் இடத்தில் சர்க்கரையைத் தொங்கவிட்டிருக்கின்றன. நாய்க்குச் சொன்ன அதே வித்தை.

#21 கேள்விக்குறி

அப்படியானால் "கதவு" என்ற என் தலைப்பே தப்பு. நெறியாளர், தலைப்பை மாற்ற முடியுமா?

#22 நெறியாளர்

வேறு நான்கு இழைகளில் இதற்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்த மென்பொருளில் தலைப்பை மாற்றினால் முகவரியும் மாறிவிடும், அவை எல்லாம் உடையும். முதல் பதிவின் கீழே வேண்டுமானால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.